இறக்கை முளைத்த படித்துறை

2019 ஏப்ரலில் ஏர் மொரீஷியஸ் நிறுவனத்தின் கைக்கு ஒரு புது விமானம் வந்தது. ஏர்பஸ் ஏ330-900 ரகம், 288 இருக்கைகள். பதிவெண் 3பி-என்பியு, மொரீஷியஸில் பதிவாகும் எந்த விமானத்துக்கும் எண் 3பி என்றுதான் தொடங்கும். வாலில், அந்த நிறுவனத்தின் மற்ற விமானங்களில் இருப்பதுபோல, நீண்ட வாலிறகு கொண்ட கடற்பறவைச் சின்னம். இதுவரை எல்லாம் வழக்கப்படிதான். வழக்கத்தை மீறி நின்றது அதன் பெயர். அந்த விமானத்துக்கு 'ஆப்ரவாசி காட்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஆப்ரவாசி என்றால் இந்தியில் வந்து குடியேறியவர். காட் என்பது நம் படித்துறை. போர்ட் லூயி துறைமுகத்தில், ட்ரூ ஃபான்ஃபரோன் என்ற உள்ளொடுங்கிய கரையோரம், கல்படிகளும் சில பழைய கட்டடங்களும் மிஞ்சி நிற்கும் இடத்தின் பெயர் அது. 1834 முதல் 1920 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஏறத்தாழ 5 லட்சம் பேருக்கு மொரீஷியஸ் என்ற நாடு தொடங்கிய இடம்.

மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிய ஏழைகளின் டிப்போ அது. அதன் பெயரைப் புத்தம் புது விமானத்துக்கு வைக்க ஒரு நாட்டுக்கு மனம் வந்தது. எனக்குத் தெரிந்த விமானப் பெயர்களில் இவ்வளவு கனமான பெயர் வேறில்லை. இந்தப் பெயர் திடீரென்று வந்து உட்காரவும் இல்லை. நகரங்கள், பறவைகள், கடற்கரைகள், பூக்கள், மலைகள் என்று பல பெயர்களைக் கடந்து வந்த பிறகே அது வந்தது.

ஏர் மொரீஷியஸ் தொடங்கியது 1967 ஜூனில். நாடு விடுதலை பெற அப்போது இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. தன் பெயரில் ஒரு விமானம் பறக்க 1972 ஆகிவிட்டது. அதுவும் ஏர் மடகாஸ்கரிடம் வாடகைக்கு எடுத்த, ஆறு பேர் உட்காரக்கூடிய பைப்பர் நவாஜோ. அது போனது கிழக்கே சுமார் 600 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரோட்ரிக்ஸ் தீவுக்கு. கப்பல் வரும் நாளை எண்ணிக்கொண்டிருந்த தீவுக்காரர்களுக்கு அந்த ஆறு இருக்கைகள் எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும்! அதன் பிறகு பிரிட்டிஷ் ஏர்வேஸிடமிருந்து போயிங் 707, தென்னாப்பிரிக்காவிலிருந்து 747எஸ்பி என்று இரவல் விமானங்களில்தான் நெடுந்தூரப் பயணங்கள் நடந்தன.

1988இல் இரண்டு புதிய போயிங் 767கள் வந்தன. ஒன்றின் பெயர் சிட்டி ஆஃப் போர்ட் லூயி, மற்றது சிட்டி ஆஃப் கியூர்பிப். தலைநகரும் மேட்டுநகரும். போர்ட் லூயி கடலோரப் புழுக்கம். கியூர்பிப் தீவின் நடு மேட்டில், மழையும் பனிமூட்டமுமாக இருக்கும் ஊர். 1860களில் மலேரியா போர்ட் லூயியைச் சூறையாடியபோது வசதியுள்ளவர்கள் ஏறிப்போய் வீடு கட்டிக்கொண்ட இடம். 1988 ஏப்ரல் 17இல் ஒரு 767 கனடாவின் ஹாலிஃபாக்ஸில் எழும்பி, எங்கும் இறங்காமல் 16 மணி 27 நிமிடம் பறந்து மொரீஷியஸ் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். இரட்டை எஞ்சின் பயணிகள் விமானம் ஒன்று அதுவரை அவ்வளவு தூரம் ஒரே மூச்சில் பறந்ததில்லை. வீட்டுக்கு வரும் வழியிலேயே உலக சாதனை! 'எங்களிடமும் நகரங்கள் உண்டு' என்று உலகத்துக்குச் சொல்ல விரும்பிய இளம் நாட்டின் பெயர்கள் அவை.

1994 முதல் நான்கு எஞ்சின் ஏ340கள் வரத் தொடங்கின. அப்போது பெயர் சூட்டியவர்களின் கண் நகரத்தை விட்டுக் காட்டுக்குள் போனது. பிங்க் பிஜன், கெஸ்ட்ரல், கார்டினல், பேரகீட், பாய்-ஆன்-க்யூ என்று வரிசையாகப் பறவைகள்.

விமானத்துக்குப் பறவைப் பெயர் வைப்பதில் என்ன புதுமை என்று கேட்கலாம். மொரீஷியஸில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. டோடோவைப் பறிகொடுத்த தீவு அது. பறக்கத் தெரியாத அந்தப் பெரும் புறா இனம், டச்சுக்காரர்கள் வந்து இறங்கி நூறு ஆண்டுகூட ஆவதற்குள் அழிந்தது. அதே கதி கெஸ்ட்ரலுக்கும் நேரவிருந்தது. மைனா அளவை விடச் சற்றே பெரிய வல்லூறு என்று அதைச் சொல்லலாம். 1974இல் உலகம் முழுவதும் தேடியும் தெரிந்தவை நான்கே நான்கு. டிடிடி தெளிப்பும் அந்நிய விலங்குகளும் காட்டழிப்பும் சேர்ந்து அந்த நிலைக்குக் கொண்டு வந்திருந்தன. கார்ல் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு உயிரியலாளர் 1979இல் அங்கே போய்ச் சேர்ந்தார். கூட்டிலிருந்து முட்டையை எடுத்துக்கொண்டால் தாய்ப்பறவை மறுபடியும் முட்டையிடும். எடுத்த முட்டையைப் பெட்டியில் பொரிக்க வைத்து, குஞ்சை வளர்த்து, காட்டில் விட வேண்டும். கேட்கச் சுலபம். ஆண்டுக்கணக்கில் பொறுமையாகச் செய்து, முன்னூறுக்கும் மேற்பட்ட பறவைகளைக் காட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அந்த வெளியீடு முடிந்தது 1994 வாக்கில். பறவைப் பெயர் தாங்கிய ஏ340கள் வரத் தொடங்கியதும் 1994. தீவின் முதல் தேசியப் பூங்காவான பிளாக் ரிவர் கோர்ஜஸ் அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டு. இளஞ்சிவப்புப் புறாவும் எக்கோ கிளியும் அதே போலப் பத்துப் பன்னிரண்டு என்ற எண்ணிக்கையிலிருந்து நூற்றுக்கணக்கில் மீண்டவை. காட்டில் உயிர் பிழைத்தவற்றைத்தான் வானத்திலும் பறக்கவிட்டிருக்கிறார்கள்.

கார்டினல் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது மடகாஸ்கரிலிருந்து கொண்டு வந்து விடப்பட்ட செந்நிறக் குருவி. வெளியிலிருந்து வந்து இதுதான் என் ஊர் என்று ஆகிவிட்ட பறவை. மொரீஷியஸில் மனிதர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் என்பதால், பட்டியலில் அதுவும் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. பாய்-ஆன்-க்யூ என்றால் வாலில் வைக்கோல் செருகியது. வாலின் நடு இறகுகள் நீண்ட துரும்புபோலப் பின்னால் நீளும் அந்தக் கடற்பறவைதான் நிறுவனத்தின் சின்னமும்.

2000களில் பெயர்கள் தரையிறங்கின. சிறிய ஏ319கள் இரண்டுக்கு மோன் ஷுவாசி, ப்ளூ பே என்று கடற்கரைப் பெயர்கள். இவை சுற்றுலா விளம்பரத்துக்கு வைத்தவை என்று தள்ளிவிடத் தோன்றும். மோன் ஷுவாசியைத் தள்ள முடியாது. இன்று சவுக்கு மரங்களும் வெள்ளை மணலுமாக இருக்கும் அந்த வடக்குக் கரைதான் தீவின் முதல் விமானத் திடல். 1933இல் அங்கிருந்து எழும்பிய ஒரு விமானம் ரீயூனியன் தீவுக்குப் போனது. அதன் நினைவுச்சின்னம் கரையில் நிற்கிறது. ஆக, அந்த ஏ319 ஒரு விமானத் திடலின் பெயரைச் சுமந்தது. ப்ளூ பே பவளப்பாறைகள் நிறைந்த கடல் பூங்கா, 2008 முதல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் உள்ள இடம். சிவசாகர் ராம்கூலம் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால், ப்ளூ பே விமானம் தன் பெயருக்குரிய நீலத்தின் அருகில்தான் ஒவ்வொரு முறையும் இறங்கி ஏறியது. ஒரு ஏ340க்கு ஷாமரேல் என்று பெயர். எரிமலைக் கல் மட்கி, இரும்பும் அலுமினியமும் கலந்த மண் சிவப்பு, ஊதா, மஞ்சள் என்று மேடு மேடாகப் பிரிந்து நிற்கும் இடம்.

இரண்டு ஏ330களுக்குப் பூப்பெயர்கள். நெனுஃபார் என்றால் அல்லி. பாம்பிள்மூஸ் தாவரவியல் பூங்காவில் தாம்பாளம்போல விரிந்து கிடக்கும் அல்லி இலைகளைப் பார்த்தவர்களுக்கு வேறு எதுவும் நினைவுக்கு வராது. ட்ரோகெஷியா தீவின் தேசிய மலர். மணிபோலக் கவிழ்ந்து தொங்கும் செந்நிறப் பூ. ஊர்க்காரர்கள் அதைக் காதணி என்கிறார்கள். 1992 மார்ச் 12இல், குடியரசான நாளன்று, தேசிய மலராக அறிவித்தார்கள். அது இயற்கையாக வளர்வது உலகத்திலேயே ஒரே ஒரு மலையில். அந்த மலையின் பெயர் லெ மோர்ன் ப்ராபான்.

2017 அக்டோபரில் நிறுவனத்தின் முதல் ஏ350 வந்தது. 326 இருக்கைகள். அதற்குச் சூட்டிய பெயர் லெ மோர்ன் ப்ராபான்.

தீவின் தென்மேற்கு முனையில், கடலை ஒட்டி 556 மீட்டர் செங்குத்தாக எழுந்து நிற்கும் கற்பாறை அது. அடிவாரத்தில் இன்று விடுதிகளும் கடலாட வருபவர்களும். தேன்நிலவு படங்களில் பின்னால் தெரிவது பெரும்பாலும் இதுதான். ஆனால் 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அதன் குகைகளிலும் உச்சியிலும் ஒளிந்து வாழ்ந்தவர்கள் தப்பியோடிய அடிமைகள். மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் பிடித்து வரப்பட்டவர்கள், தோட்டத்தை விட்டு ஓடி, ஏறவே முடியாத பாறையில் ஏறி, அங்கே தங்கள் ஊரை அமைத்துக்கொண்டார்கள்.

வாய்வழியாக வரும் ஒரு கதை உண்டு. 1835 பிப்ரவரி 1இல் மொரீஷியஸில் அடிமை முறை ஒழிந்தது. அதைச் சொல்ல ஒரு போலீஸ் கூட்டம் மலைக்குப் போனது. மேலே இருந்தவர்களுக்குத் தெரிந்தது சீருடை மட்டும். பிடிக்க வருகிறார்கள் என்று நினைத்து, மறுபடியும் அடிமையாவதைவிடச் சாவது மேல் என்று பாறையிலிருந்து குதித்துவிட்டார்கள். கொண்டு போனது விடுதலைச் செய்தி. இந்தக் கதையை எத்தனை முறை படித்தாலும் என்னால் அடுத்த வரிக்கு உடனே போக முடிவதில்லை. பிப்ரவரி 1 அங்கே அரசு விடுமுறை. அந்த நாளில் அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்கள் மலையடிவாரத்தில் கூடுகிறார்கள்.

அடுத்த ஏ350க்குப் பீட்டர் போத் மலையின் பெயர். 820 மீட்டர், தீவின் இரண்டாவது உயரம். உச்சியில், கழுத்தின் மேல் தலைபோல, ஒரு பெரும் பாறை தொற்றிக்கொண்டு நிற்கும். 1615இல் மொரீஷியஸ் கரையில் கப்பல் உடைந்து மூழ்கி இறந்த டச்சு ஆளுநரின் பெயர் அது. ஊர்க்கதை வேறு சொல்லும்: மலைமேல் தேவதைகள் ஆடுவதைப் பார்த்துவிட்ட பால்காரன், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கொடுத்த வாக்கை மீறியதால் கல்லாகிப்போனான் என்று. ஆளுநரின் பெயரைவிடப் பால்காரனின் தலைதான் அந்த ஊர்க் குழந்தைகளுக்கு முதலில் தெரிகிறது.

இனி படித்துறைக்கு வருவோம்.

லெ மோர்னும் படித்துறையும் ஒரே கதையின் இரண்டு பாதி. அடிமைகள் விடுதலையானால் கரும்பு வெட்ட ஆள் ஏது என்பது தோட்ட முதலாளிகளின் கவலை. பிரிட்டிஷ் அரசு அதற்கு ஒரு 'மாபெரும் சோதனை' செய்து பார்த்தது. அடிமைக்குப் பதில் ஒப்பந்தக் கூலி. 1834 நவம்பர் 2இல் அட்லஸ் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 பேரைக் கொண்டு வந்து இறக்கியது. சோதனை 'வெற்றி' பெற்றது. அதே ஏற்பாட்டைப் பிறகு கரீபியன் தீவுகளுக்கும் ஃபிஜிக்கும் நேட்டாலுக்கும் கொண்டு போனார்கள். நம் ஊர்களிலிருந்து உலகம் பூராவும் ஆட்கள் கப்பலேறிய பாதையின் முதல் படி அந்தக் கரையில் இருக்கிறது.

சென்னை மாகாணத்திலிருந்தும் கப்பல்கள் போயின. தமிழர்களுக்கு அந்தத் தீவு அதற்கு முன்பே பழக்கம்தான். 18ஆம் நூற்றாண்டில் மாஹே த லா பூர்தொனே என்ற பிரெஞ்சு ஆளுநர் போர்ட் லூயி நகரத்தை எழுப்பியபோது, புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்களை வரவழைத்தார். ஆனால் கூட்டம் கூட்டமாகப் போனது ஒப்பந்தக் காலத்தில்தான். கப்பலில் பல வாரம். இறங்கியதும் டிப்போ. 1849இல் கட்டத் தொடங்கிய அந்த டிப்போவில் இரண்டு நாள் தங்க வைத்து, எழுதிக்கொண்டு, தோட்டத்துக்குப் பிரித்து அனுப்புவார்கள்.

அந்த எழுதிக்கொள்ளும் மேசையைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். ஆளுக்கு ஓர் எண். பெயர் கேட்பார்கள், காதில் விழுந்தபடி எழுதுவார்கள். சாமியும் லிங்கமும் அம்மனும் ஆங்கில, பிரெஞ்சு எழுத்துக்கூட்டலுக்குள் நெளிந்து வேறொன்றாகின. போர்ட் லூயியில் கைலாசம் என்று சொல்லப்படும் பெரிய கோவிலின் பெயரே 'சொக்கலிங்கும் மீனாட்சி அம்மென்' என்றுதான் இன்றும் எழுதப்படுகிறது. 1867 சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்த பழைய கூலிகளும் புகைப்படம் ஒட்டிய சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். சீட்டில்லாமல் சாலையில் நடந்தால் நாடோடி என்று பிடித்து அடைத்தார்கள். அந்தப் பதிவேடுகளும் படங்களும் மோக்கா ஊரில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. கொள்ளுத்தாத்தாவின் எண் தெரிந்தால் அவர் முகத்தைப் பார்க்கலாம். கேமராவை எப்போதும் பார்த்திராத கண்கள், நேராக நம்மைப் பார்க்கும்.

கூலிகளுக்கு எண் கொடுத்துப் பெயரைச் சிதைத்த இடம், பதிவெண்ணோடு வந்த ஒரு விமானத்துக்குப் பெயரானது இப்படித்தான்.

அதற்குள் அந்த இடத்துக்கே என்னென்னவோ நடந்துவிட்டது. டிப்போவின் பெரும்பகுதியை இடித்துச் சாலையும் கட்டடங்களும் கொண்டு வந்தார்கள். முதலில் அதற்குக் கூலி காட் என்று பெயர். அந்தச் சொல்லின் வலி தெரிந்து, 1987இல் ஆப்ரவாசி காட் என்று மாற்றினார்கள். 2006இல் யுனெஸ்கோ உலக மரபிடப் பட்டியலில் சேர்ந்தது. லெ மோர்ன் சேர்ந்தது 2008இல். யுனெஸ்கோ பட்டியலில் கூலிகள் முன்னால், அடிமைகள் பின்னால். விமானங்களில் லெ மோர்ன் 2017, படித்துறை 2019. வரலாறு நடந்த வரிசைக்கே பெயர்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. யோசித்துச் செய்தார்களா, தானாக அமைந்ததா என்பது இருக்கட்டும். அந்த வரிசை சரியானது. மலை முந்தியது, படி பிந்தியது.

ஏர் மொரீஷியஸ் சென்னைக்கும் பறந்திருக்கிறது. பாட்டன் பல வாரம் வாந்தியும் நோயுமாகக் கடந்த அதே கடலின் மேல் ஏழு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை. ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. 1998இல் மொழி வரிசையை மாற்றித் தமிழை இந்திக்குப் பின்னால் தள்ளி அச்சிட்டபோது, தமிழர்கள் எதிர்த்து நின்று அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வைத்தார்கள். வாழையிலையில் பரிமாறும் ஏழு கறி விருந்தை 'செத் காரி' என்று பிரெஞ்சில் சொல்லித் தமிழில் சாப்பிடுகிறார்கள். தமிழ் பேச்சில் பெரும்பாலும் போய்விட்டது. கோவிலிலும் இலையிலும் நோட்டிலும் நிற்கிறது.

பெயர்களுக்கும் ஆயுள் உண்டு. கொரோனா வந்து வானம் மூடியபோது, 2020 ஏப்ரல் 22இல் நிறுவனம் கடன் கொடுத்தவர்களிடமிருந்து காக்கும் சட்ட நிர்வாகத்துக்குள் போனது. வெளியே வர 2021இன் பிற்பகுதி ஆனது. அந்த இடைவெளியில் ஏ340களும் ஏ319களும் விற்பனைக்குப் போயின. மோன் ஷுவாசி, ப்ளூ பே, ஷாமரேல் எல்லாம் உலோகமாகவும் உதிரிப் பாகமாகவும் விலை பேசப்பட்டன. கரையும் மண்மேடும் இருந்த இடத்தில் இருக்கின்றன.

படித்துறை விமானத்துக்கு ஒரு இளைய சகோதரன் உண்டு. அதே 2019இல் வந்த இரண்டாவது ஏ330-900. அதன் பெயர் சாகோஸ் ஆர்க்கிபெலாகோ, அதாவது சாகோஸ் தீவுக்கூட்டம்.

விடுதலைக்கு மூன்றாண்டு முன்பு, 1965இல், பிரிட்டன் அந்தத் தீவுகளை மொரீஷியஸிலிருந்து வெட்டித் தனியே வைத்துக்கொண்டது. அவற்றில் ஒன்றான டியகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் வருவதற்காக, 1968 முதல் 1973 வரை அங்கே வாழ்ந்த அத்தனை பேரையும் வெளியேற்றினார்கள். கொப்பரைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் போர்ட் லூயியின் சேரிகளில் வந்து இறங்கினார்கள். 2019 பிப்ரவரி 25இல் சர்வதேச நீதிமன்றம் அந்தப் பிரிப்பு சட்டப்படி சரியல்ல என்று கருத்துச் சொன்னது. மே 22இல் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் மொரீஷியஸ் பக்கம், 6 எதிர்ப்பக்கம். அந்த ஆண்டில் சூட்டிய பெயர் அது. மற்ற விமானங்களுக்கு இருப்பதன் பெயர். இதற்கு மட்டும் திரும்பி வர வேண்டியதன் பெயர்.

அந்தத் தீவில் நம்மவர்களின் நிழலும் விழுந்திருக்கிறது. 2021 அக்டோபரில் கடலில் தத்தளித்த இலங்கைத் தமிழர் படகு ஒன்று டியகோ கார்சியாவில் ஒதுங்கியது. குழந்தைகளோடு வந்தவர்கள் கூடார முகாமில் மூன்றாண்டுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார்கள். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலோரைப் பிரிட்டனுக்குக் கொண்டு போனார்கள். 2025 மே 22இல் பிரிட்டனும் மொரீஷியஸும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன: தீவுகள் மொரீஷியஸுக்கு, டியகோ கார்சியா தளம் 99 ஆண்டுக் குத்தகைக்கு.

டியகோ கார்சியாவுக்குப் பயணிகள் விமானச் சேவை எதுவும் கிடையாது. தளத்தின் ஓடுபாதை மூன்றரைக் கிலோமீட்டருக்கும் அதிக நீளம். குண்டுவீச்சு விமானங்கள் இறங்கும் ஓடுபாதை. 288 பேரை ஏற்றிக்கொண்டு ஒரு ஏ330 இறங்க அது தாராளமாகப் போதும்.